பல்வலி தானாக நின்றுவிட்டால் குணமாகிவிட்டதா? பல் மருத்துவரை எப்போது பார்க்க வேண்டும்: முழு விளக்கம்

திருவனந்தபுரம்: பல்வலி வந்தவுடன் பலரும் முதலில் நாடுவது அருகிலுள்ள மருந்துக் கடையைத்தான். இரண்டு வலி நிவாரணி மாத்திரைகள், அத்துடன் ஓர் ஆன்டிபயாட்டிக் அட்டை. இரண்டு மூன்று நாட்களில் வலி அடங்குகிறது; பல் மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்ற எண்ணமும் அத்துடன் அடங்கிவிடுகிறது. ஆனால், மருத்துவர் சீட்டு இல்லாமல் ஆன்டிபயாட்டிக் விற்பதைத் தடுக்கும் நடவடிக்கையைக் கேரள அரசு 2024ஆம் ஆண்டு முதல் தீவிரப்படுத்தியுள்ளதால், தலைநகர் திருவனந்தபுரம் உட்பட மாநிலம் முழுவதும் இந்தக் குறுக்குவழி கடினமாகியுள்ளது.

அப்படியானால், எந்தப் பல்வலிக்குச் சில நாட்கள் பொறுத்திருக்கலாம்? எதற்கு மறுநாளே மருத்துவரைப் பார்க்க வேண்டும்? எந்த அறிகுறி தெரிந்தால் நள்ளிரவாக இருந்தாலும் மருத்துவமனைக்கு விரைய வேண்டும்? இந்த முடிவை எடுப்பதற்கு, வலி எவ்வளவு கடுமையாக இருக்கிறது என்பதை மட்டும் பார்த்தால் போதாது. வலி எப்போது வருகிறது, எவ்வளவு நேரம் நீடிக்கிறது, அதனுடன் வேறு என்ன அறிகுறிகள் சேர்ந்து வருகின்றன என்பவையே முக்கியம்.

பல் ஏன் வலிக்கிறது?

பல்லின் வெளிப்புறத்தில் இருக்கும் எனாமல், மனித உடலிலேயே மிகக் கடினமான பொருள். அதில் நரம்பு இல்லை. எனவே, சொத்தை எனாமலை அரிக்கும் வரை வலி தெரிவதில்லை. அதற்கு உள்ளே இருக்கும் டென்டின் என்னும் அடுக்கில் கண்ணுக்குத் தெரியாத நுண்குழாய்கள் ஏராளமாக உள்ளன. சொத்தை இந்த அடுக்கைத் தொட்டவுடன் குளிர்ந்த நீரும் இனிப்பும் பல்லைக் கூசச் செய்கின்றன. பல்லின் நடுவே நரம்பும் இரத்தக் குழாய்களும் அடங்கிய பற்கூழ் இருக்கிறது.

உடலின் பெரும்பாலான இடங்களில் அழற்சி ஏற்பட்டால் அந்த இடம் வீங்குவதற்கு இடம் உண்டு. பற்கூழுக்கு அந்த வசதி இல்லை. அதைச் சுற்றிலும் கடினமான சுவர் இருப்பதால், அழற்சியால் ஏற்படும் அழுத்தம் முழுவதும் நரம்பின் மீதே விழுகிறது. சிறிய பல் ஒன்று மனிதரை இரவு முழுவதும் தூங்கவிடாமல் செய்வதற்குக் காரணம் இதுதான். படுத்திருக்கும்போது தலைப்பகுதிக்குச் செல்லும் இரத்த ஓட்டத்தின் அழுத்தம் கூடுவதால், பகலில் பொறுத்துக்கொள்ளக் கூடியதாக இருந்த வலி இரவில் தெறிப்பாக மாறுகிறது.

வலியின் மூன்று கட்டங்கள்

முதல் கட்டத்தில், குளிர்ந்த நீரோ ஐஸ்கிரீமோ பட்டவுடன் சுரீரென்று வலித்து, அது அகன்ற சில நொடிகளில் வலியும் மறைந்துவிடும். பற்கூழ் இன்னும் உயிரோடு இருக்கிறது. மீளக்கூடிய நிலையில் இருக்கிறது என்பதே இதன் பொருள். இந்த நேரத்தில் சொத்தையை அகற்றிப் பல்லை அடைத்தால், பெரும்பாலும் சிகிச்சை ஒரே அமர்வில் முடிந்துவிடும்.

இரண்டாம் கட்டத்தில், குளிர்ச்சியோ சூடோ பட்ட பிறகு வலி அரை நிமிடத்தையும் கடந்து நீடிக்கும். எதுவும் படாமலேயே வலி தானாகத் தொடங்கும். தூக்கத்திலிருந்து எழுப்பும். காது, நெற்றிப்பொட்டு, கழுத்து எனப் பரவி, எந்தப் பல் வலிக்கிறது என்று சுட்டிக்காட்ட முடியாமல் செய்யும். சூடான தேநீர் வலியைக் கூட்டி, குளிர்ந்த நீர் அதைத் தணிப்பதும் இக்கட்டத்தின் அடையாளங்களுள் ஒன்று. பற்கூழ் தானாகக் குணமடையும் எல்லையைத் தாண்டிவிட்டது என்பதை இவை காட்டுகின்றன. ரூட் கெனால் எனப் பரவலாக அறியப்படும் வேர் சிகிச்சை மூலம் பல்லைக் காப்பாற்றுவது, அல்லது பல்லை அகற்றுவது ஆகியவையே இந்நிலையில் வழக்கமான தீர்வுகள்.

மூன்றாம் கட்டம்தான் பலரை ஏமாற்றுகிறது. பல நாட்கள் வாட்டிய வலி ஒருநாள் திடீரென நின்றுவிடும். குளிர்ந்த நீர் பட்டாலும் கூச்சம் இருக்காது. மாத்திரையோ, கைவைத்தியமோ பலித்துவிட்டது என்று நினைப்பது இயல்பு. ஆனால், சிகிச்சை ஏதுமின்றி வலி இப்படி நின்றால், பற்கூழ் இறந்துபோயிருக்க வாய்ப்பு அதிகம். வலியை உணர்த்த நரம்பு இல்லையே தவிர, கிருமிகள் அங்கேயே இருக்கின்றன. அவை வேரின் நுனி வழியாகத் தாடை எலும்புக்குள் இறங்கிச் சீழ்க்கட்டியை உருவாக்குகின்றன. வாரங்களோ மாதங்களோ கழித்து, கடிக்கும்போது வலி, பல் உயர்ந்து நிற்பது போன்ற உணர்வு, ஈறில் பரு போன்ற கொப்புளம், கன்ன வீக்கம் என அது மீண்டும் வெளிப்படும். அந்தக் கொப்புளம் உடைந்து சீழ் வடிந்தால் வலி மறுபடியும் குறையும். அதுவும் குணமல்ல, சீழ் வெளியேற ஒரு வழி கிடைத்திருக்கிறது, அவ்வளவே.

எனவே, கடுமையாக வலித்து ஓய்ந்த பல்லையும், வலித்துக்கொண்டிருக்கும் பல்லைப் போலவே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

எந்த அறிகுறிக்கு எவ்வளவு அவகாசம்?

சில நாட்களுக்குள் முன்பதிவு செய்துகொண்டு மருத்துவரைப் பார்க்கக் கூடியவை: நொடிப்பொழுதில் மறையும் கூச்சம், வலியில்லாத சொத்தைக் குழி, அடைத்த பொருள் பெயர்ந்து விழுதல், பல் துலக்கும்போது ஈறில் இரத்தம் கசிதல், பல்லிடுக்கில் உணவு சிக்கி ஏற்படும் மந்தமான வலி. இவற்றுக்கு அவசரம் இல்லையே தவிர, சிகிச்சை தேவையில்லை என்று பொருள் கொள்ளக் கூடாது.

ஓரிரு நாட்களுக்குள் கட்டாயம் பார்க்க வேண்டியவை: ஒரு நாளுக்கு மேல் நீடிக்கும் வலி, தூக்கத்தைக் கெடுக்கும் வலி, கடித்தாலோ தட்டினாலோ கூர்மையாகத் தெறிக்கும் வலி, ஈறில் சீழ்க் கொப்புளம், வாயில் தொடர்ந்து கசப்பு அல்லது துர்நாற்றம், பல் ஆட்டம், கன்னத்தில் சிறிய அளவிலான வீக்கம். ஞானப்பல் முளைக்கும் 17 முதல் 25 வயதுக்குள் உள்ளவர்களுக்குக் கடைவாயின் பின்புறம் ஈறு வீங்கி, வாயைத் திறக்கும்போது வலி ஏற்பட்டால் அதுவும் இப்பட்டியலில் சேரும். பல் எடுத்த மூன்றாம் நாளில் வலி குறைவதற்குப் பதிலாகக் கூடினால், பல்லை எடுத்த மருத்துவரிடம் உடனே திரும்பச் செல்ல வேண்டும்.

ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாதவை: வீக்கம் கண்ணை நோக்கியோ, தாடைக்கு அடியில் கழுத்தை நோக்கியோ பரவுதல், நாக்கு மேலே தூக்கப்பட்டது போன்ற நிலை, எச்சில் விழுங்க முடியாமல் வடிதல், குரல் மாறுதல், மூச்சுத் திணறல், வாயை இரண்டு விரல் அகலம்கூடத் திறக்க முடியாமை, வீக்கத்துடன் குளிர்க் காய்ச்சல். இவை தெரிந்தால் பல் மருத்துவமனை திறக்கும் வரை காத்திருக்காமல், அவசர சிகிச்சைப் பிரிவு உள்ள மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். ஆம்புலன்ஸுக்கு 108 எண்ணை அழைக்கலாம்.

ஒரு சொத்தைப் பல் உயிருக்கு ஆபத்தாக முடியுமா என்ற ஐயம் எழலாம். கீழ்த்தாடையின் பின்கடைவாய்ப் பற்களின் வேர்கள் மிக ஆழமாக இறங்கியிருப்பதால், அங்கு உருவாகும் சீழ் நாக்கின் அடித்தளத்துக்கும் கழுத்துக்கும் எளிதாகப் பரவிவிடும். அந்த வீக்கம் நாக்கைப் பின்னோக்கித் தள்ளி மூச்சுப் பாதையை அடைத்துவிடக் கூடும். இந்த நிலையை 1836ஆம் ஆண்டில் விவரித்த ஜெர்மானிய மருத்துவர் வில்ஹெல்ம் ஃப்ரெட்ரிக் ஃபான் லுட்விக்கின் பெயரால் இது லுட்விக் ஆஞ்சைனா என்று அழைக்கப்படுகிறது. ஆன்டிபயாட்டிக் மருந்துகள் கண்டறியப்படுவதற்கு முன்பு இந்நோய் கண்டவர்களில் பெரும்பாலோர் உயிரிழந்தனர். இன்று உரிய நேரத்தில் வந்தால் காப்பாற்ற முடியும். நேரம்தான் இங்கு முக்கியம்.

பல் வலிப்பது போல் தோன்றும் பிற நோய்கள்

தாடையில் தோன்றும் எல்லா வலியும் பல்லிலிருந்து வருவதில்லை. நடக்கும்போதோ மாடிப்படி ஏறும்போதோ தாடையில் வலி தோன்றி, ஓய்வெடுத்தால் அடங்குமானால், அது இதய இரத்தக் குழாய் அடைப்பின் அறிகுறியாக இருக்கலாம். அத்துடன் நெஞ்சு அழுத்தம், வியர்வை, இடது கையில் வலி, மூச்சு வாங்குதல் ஆகியவை சேர்ந்தால் உடனடியாக இதய சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

சளி பிடித்திருக்கும்போது மேல் வரிசைக் கடைவாய்ப் பற்கள் பலவும் ஒருசேர வலித்து, குனிந்தால் வலி கூடுமானால், அது சைனஸ் தொல்லையாக இருக்கலாம். முகத்தைக் கழுவும்போதோ லேசாகத் தொட்டாலோ மின்னல் வெட்டுவது போல் சில நொடிகள் வலித்து மறைவது முக நரம்பு நோயின் அடையாளமாக இருக்கக் கூடும். இத்தகையவர்கள் நல்ல பற்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொள்ளும் நிலைக்குச் செல்லாமல் இருக்கச் சரியான பரிசோதனை தேவை.

ஆன்டிபயாட்டிக் ஏன் தீர்வாகாது?

ஆன்டிபயாட்டிக் மருந்து இரத்தத்தின் வழியாகத்தான் நோயுள்ள இடத்தைச் சென்றடைகிறது. பற்கூழ் இறந்துவிட்ட பல்லுக்குள் இரத்த ஓட்டம் இல்லை. எனவே, எத்தனை மாத்திரை விழுங்கினாலும் கிருமிகள் குடியிருக்கும் இடத்துக்கு மருந்து சென்று சேர்வதில்லை. பல்லைச் சுற்றிய பகுதியில் தொற்று சற்றுத் தணிவதால் வலி குறையலாம். மூலகாரணம் அப்படியே இருப்பதால் அது மீண்டும் வரும்.

அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2019ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டுதலும் இதையே கூறுகிறது. நோய் எதிர்ப்பு ஆற்றல் இயல்பாக உள்ள பெரியவர்களுக்கு வரும் பெரும்பாலான பல்வலிகளுக்கு ஆன்டிபயாட்டிக் பரிந்துரைக்கப்படுவதில்லை. பல்லுக்கு நேரடிச் சிகிச்சையும், தேவைப்பட்டால் வலி நிவாரணியுமே போதுமானவை. காய்ச்சல், பரவும் வீக்கம் போன்றவை இருந்தால் மட்டுமே ஆன்டிபயாட்டிக் தேவைப்படுகிறது. அப்போதும் அது பல் சிகிச்சைக்குத் துணையே தவிர மாற்று அல்ல.

தேவையின்றி உட்கொள்ளும் ஒவ்வொரு ஆன்டிபயாட்டிக்கும், மருந்துக்குக் கட்டுப்படாத கிருமிகள் பெருக வழிசெய்கிறது. இதைக் கட்டுப்படுத்த 2018ஆம் ஆண்டிலேயே மாநில அளவிலான செயல்திட்டத்தைக் கேரளா வெளியிட்டது. அதன் தொடர்ச்சியாக, 2024 ஜனவரியில் 'ஆபரேஷன் அம்ரித்' என்ற பெயரில் மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை மருந்துக் கடைகளில் திடீர்ச் சோதனைகளைத் தொடங்கியது. மருத்துவர் சீட்டு இல்லாமல் ஆன்டிபயாட்டிக் விற்கப்படாது என்ற அறிவிப்பைக் கடைகளில் வைக்க வேண்டும் என்றும் அறிவுறுத்தப்பட்டது. எனவே, பழைய அட்டையைக் காட்டி அதே மருந்தைக் கேட்பது, வீட்டில் மீந்திருக்கும் மாத்திரையை எடுத்துக்கொள்வது ஆகிய இரண்டையும் தவிர்ப்பதே நல்லது.

மருத்துவரைப் பார்க்கும் வரை என்ன செய்யலாம்?

ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரைத் தேக்கரண்டி உப்பைக் கரைத்து வாய் கொப்பளிக்கலாம். பல்லிடுக்கில் சிக்கிய உணவுத் துணுக்கைப் பல் நூலால் மெதுவாக அகற்றலாம். வீக்கம் இருந்தால், துணியில் சுற்றிய பனிக்கட்டியைக் கன்னத்தின் வெளிப்புறத்தில் பத்து நிமிடம் வரை வைக்கலாம். சூடான ஒத்தடம் கொடுக்கக் கூடாது. இரவில் தலையணையை உயர்த்திப் படுத்தால் தெறிப்பு சற்றுக் குறையும். கிராம்பு எண்ணெயில் உள்ள யூஜெனால் என்னும் பொருளுக்கு வலியை மரக்கச் செய்யும் தன்மை உண்டு. ஒரு சொட்டைப் பஞ்சில் நனைத்துச் சொத்தைக் குழியில் மட்டும் வைக்கலாம். ஈறில் பட்டால் புண்ணாக்கும். சிறு குழந்தைகளுக்கு இதைப் பயன்படுத்தக் கூடாது.

பாராசிட்டமால், உரிய அளவில், பெரும்பாலானோருக்குப் பாதுகாப்பான வலி நிவாரணி. கல்லீரல் நோய் உள்ளவர்களும் மது அருந்துபவர்களும் மருத்துவரைக் கேட்டே உட்கொள்ள வேண்டும். இபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் போன்றவற்றைச் சிறுநீரக நோய், குடற்புண், ஆஸ்துமா உள்ளவர்களும், இரத்தம் உறையாமல் இருக்க மருந்து உட்கொள்பவர்களும், கர்ப்பிணிகளும் மருத்துவர் ஆலோசனையின்றி எடுத்துக்கொள்ளக் கூடாது. மழைக்காலத்தில் டெங்கு பரவும் கேரளாவில் இன்னொரு எச்சரிக்கையும் அவசியம். பல்வலியுடன் காய்ச்சலும் இருந்து, அது டெங்குவாக இருக்கலாம் என்ற ஐயம் எழுந்தால், ஆஸ்பிரினும் இபுபுரூஃபனும் இரத்தக் கசிவு ஆபத்தைக் கூட்டும் என்பதால் அவற்றைத் தவிர்க்க வேண்டும்.

ஆஸ்பிரின் மாத்திரையை வலிக்கும் பல்லின் அருகில் அடக்கி வைப்பது ஈறையும் கன்னத்தின் உட்புறத்தையும் பொசுக்கிவிடும். புகையிலைத் துணுக்கை அடக்கி வைப்பது, ஊசியால் குழியைக் குத்துவது, கொப்புளத்தை வீட்டிலேயே உடைப்பது ஆகியவையும் தீங்கானவை.

யாருக்குக் கூடுதல் கவனம்?

நீரிழிவு நோயாளிகளுக்குத் தொற்று வேகமாகப் பரவும். பல் தொற்று இருக்கும் வரை இரத்தச் சர்க்கரையும் கட்டுக்குள் வருவது கடினம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடைபெற்று, 2023ஆம் ஆண்டில் முடிவுகள் வெளியான நாடு தழுவிய ஆய்வின்படி, கேரளாவில் 25.5 விழுக்காட்டினருக்கு நீரிழிவு உள்ளது. தேசிய அளவு 11.4 விழுக்காடு. இத்தகையோர், மற்றவர்களுக்குச் சொல்லப்பட்ட அவகாசத்தைத் தங்களுக்குப் பாதியாகக் குறைத்துக்கொள்வது நல்லது.

செயற்கை இதய வால்வு பொருத்தப்பட்டவர்கள் மற்றொரு பிரிவினர். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் உருவாக்கிய உள்நாட்டு இதய வால்வு, 1990 டிசம்பரில் முதன்முறையாக நோயாளி ஒருவருக்குப் பொருத்தப்பட்டது. வால்வு பொருத்தப்பட்டவர்களுக்குப் பல்லிலிருந்து இரத்தத்தில் கலக்கும் கிருமிகள் இதயத்தின் உள்சுவரில் தொற்றை ஏற்படுத்தக் கூடும். பல் எடுக்கும் முன்பு இவர்களுக்கு ஆன்டிபயாட்டிக் தேவைப்படலாம். இரத்தம் உறையாமல் இருக்க உட்கொள்ளும் மாத்திரையைத் தாங்களாகவே நிறுத்தக் கூடாது.

குழந்தைகளின் பால்பல் எப்படியும் விழப்போகிறது என்று வலியை அலட்சியப்படுத்துவது தவறு. பால்பல்லின் தொற்று, அதன் அடியில் வளரும் நிரந்தரப் பல்லைப் பாதிக்கும். மேலும், ஆறு வயதளவில் கடைசியில் முளைக்கும் கடைவாய்ப்பல் பால்பல் அன்று. அது வாழ்நாள் முழுவதற்குமான நிரந்தரப் பல். கர்ப்பிணிகளும் பல் சிகிச்சையைப் பிரசவம் வரை தள்ளிப்போட வேண்டியதில்லை.

ஆறாத புண்ணைப் பார்ப்பதும் பல் மருத்துவரே

பல்வலிக்காக மருத்துவரிடம் வாய் திறப்பதால் இன்னொரு பயனும் உண்டு. அதற்குத் திருவனந்தபுரம் மாவட்டமே உலகுக்குச் சான்றளித்துள்ளது. 1996ஆம் ஆண்டு முதல் இம்மாவட்டத்தின் 13 ஊராட்சிப் பகுதிகளில், 35 வயதுக்கு மேற்பட்டோரிடம் வாய்ப் புற்றுநோய் குறித்த ஆய்வு நடத்தப்பட்டது. திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையமும், உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமையும் இதில் இணைந்து பணியாற்றின. ஏழு பகுதிகளில் பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் மக்களின் வாயை வெளிச்சத்தில் பார்த்துப் பரிசோதித்தனர். ஆறு பகுதிகளில் வழக்கமான நடைமுறையே தொடர்ந்தது. புகையிலை அல்லது மதுப் பழக்கம் உடையோரிடையே, பரிசோதனை நடந்த பகுதிகளில் வாய்ப் புற்றுநோய் இறப்பு 34 விழுக்காடு குறைவாக இருந்தது என 2005ஆம் ஆண்டில் 'தி லான்செட்' மருத்துவ இதழில் வெளியான முடிவுகள் தெரிவித்தன.

விலையுயர்ந்த கருவி எதுவுமின்றி, வாயைத் திறந்து பார்த்ததாலேயே கிடைத்த பலன் இது. இரண்டு வாரங்களுக்கு மேல் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, காரணமின்றி ஆடும் பல், பல் எடுத்த இடத்தில் ஆறாத குழி ஆகியவை வலிக்காவிட்டாலும் காட்டப்பட வேண்டியவை. வெற்றிலை, பாக்கு, புகையிலை பயன்படுத்துவோர் இதில் கூடுதல் கவனம் செலுத்த வேண்டும்.

எங்கு செல்லலாம்?

கேரளாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரியாக 1959ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட திருவனந்தபுரம் அரசுப் பல் மருத்துவக் கல்லூரி, அரசு மருத்துவக் கல்லூரி வளாகத்தில் செயல்படுகிறது. வேர் சிகிச்சை, ஈறு சிகிச்சை, குழந்தைகளுக்கான பல் சிகிச்சை எனத் தனித்தனிப் பிரிவுகள் அங்கு உள்ளன. எங்கு செல்வது என்ற குழப்பம் இருந்தால், கேரள அரசின் 'திஷா' சுகாதார உதவி எண் 1056ஐ எந்நேரமும் அழைத்துக் கேட்கலாம்.

உலகெங்கும் ஏறத்தாழ 350 கோடிப் பேர் வாய் நோய்களால் பாதிக்கப்பட்டிருப்பதாக உலக சுகாதார நிறுவனம் 2022ஆம் ஆண்டு அறிக்கையில் கூறியுள்ளது. இவர்களில் பலரும் சிகிச்சையைத் தள்ளிப்போடுவதற்குச் செலவு குறித்த அச்சமும் ஒரு காரணம். ஆனால், தள்ளிப்போடுவதுதான் செலவைக் கூட்டுகிறது. நொடிப்பொழுது கூச்சத்தின்போது பல் அடைப்புடன் முடிய வேண்டியது, சில மாதங்களில் வேர் சிகிச்சையாகிறது. பிறகு பல்லை எடுத்துச் செயற்கைப் பல் கட்டுவதாக வளர்கிறது.

மருத்துவரிடம் செல்லும்போது வலி எப்போது தொடங்கியது, எது பட்டால் கூடுகிறது, எவ்வளவு நேரம் நீடிக்கிறது, இதுவரை என்னென்ன மாத்திரைகள் உட்கொண்டீர்கள், நீரிழிவு, இதய நோய், மருந்து ஒவ்வாமை ஏதேனும் உண்டா என்ற விவரங்களைக் குறித்து எடுத்துச் செல்லுங்கள். வலி இடையில் நின்றுபோயிருந்தால், எந்த நாளில் நின்றது என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள். நோய் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதை மருத்துவர் கணிக்க அந்தத் தகவலும் உதவும்.